பென்சிலினேஸ் முதல் என்.டி.எம். வரை: மருந்தெதிர்ப்பு நொதிகளைக் கண்டறியும் ஆய்வக முறைகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எதிருயிரி மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து பல பாக்டீரியாக்கள் தம்மைக் காத்துக்கொள்கின்றன. இந்நொதிகளுள் பீட்டா லாக்டமேஸ்கள் முதன்மையானவை. 1940இல் பென்சிலினேஸ் கண்டறியப்பட்டது முதல் இன்று வரை இந்நொதிகளை இனங்காண உருவான ஆய்வக முறைகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாறு பழைய முறை நீங்கிப் புதிய முறை வரும் நேர்கோட்டு வளர்ச்சியாகப் பொதுவாக எழுதப்படுகிறது. ஆனால் சாட்சி நுண்ணுயிரி, வேதி அடையாளம், நொதித் தடுப்பான் ஆகிய மூன்று கொள்கைகளே மீண்டும் மீண்டும் உருமாறி வந்துள்ளன என்பதும், ஒவ்வொரு சோதனையும் தான் பிறந்த இடத்து நொதியை நோக்கியே அமைந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். ஓரிடத்து நொதிக்காக ஏற்கப்பட்ட சோதனை பிறிதோரிடத்து நொதியைத் தவறவிடும் என்பதற்கு மாற்றியமைக்கப்பட்ட ஹாட்ஜ் சோதனையின் ஏற்றமும் வீழ்ச்சியும் சான்றாகக் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மருந்தெதிர்ப்பு, பீட்டா லாக்டமேஸ், பென்சிலினேஸ், கார்பபெனெமேஸ், என்.டி.எம்.-1, ஹாட்ஜ் சோதனை, அறிவியல் வரலாறு.

முன்னுரை

பென்சிலின், செபலோஸ்போரின், கார்பபெனெம் ஆகிய மருந்துக் குடும்பங்கள் தம்முள் பலவாறு வேறுபட்டாலும் அவற்றின் மூலக்கூற்றில் ஒரு பொதுக்கூறு உண்டு. நான்கு அணுக்களால் ஆன பீட்டா லாக்டம் வளையமே அது. பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதற்குப் பயன்படுத்தும் புரதங்களோடு இவ்வளையம் பிணைந்து, கட்டுமானத்தைத் தடுக்கிறது. வளையம் உடைந்தால் மருந்து செயலிழக்கிறது. அவ்வளையத்தை நீராற்பகுப்பால் உடைக்கும் நொதிகளே பீட்டா லாக்டமேஸ்கள்.

நோயாளியிடமிருந்து பெறப்பட்ட நுண்ணுயிரி குறித்து மருத்துவ ஆய்வகம் இரு வினாக்களை எழுப்பலாம். இம்மருந்து இந்நுண்ணுயிரியைத் தடுக்குமா என்பது முதல் வினா. தடுக்காவிடில் எதனால் என்பது இரண்டாம் வினா. சிகிச்சைக்கு முதல் வினாவின் விடையே போதுமானது என்றும், இரண்டாம் வினா ஆராய்ச்சியாளர்க்கு உரியது என்றும் கருதப்படுவதுண்டு. கடந்த 80 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. நொதியைக் காணத் தவறியபோது முதல் வினாவின் விடையும் சில வேளைகளில் பிழையாயிற்று. எனவே நொதியைக் காணும் முறைகள் எவ்வாறு தோன்றின, எவற்றைக் கண்டன, எவற்றைக் காணத் தவறின என்பவற்றை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

ஆக்ஸ்போர்டில் முதல் நொதி

பென்சிலின் ஈ. கோலை போன்ற சில பாக்டீரியாக்களை எளிதில் தடுப்பதில்லை என்பது தொடக்கம் முதலே அறியப்பட்டிருந்தது. அதன் காரணத்தை ஆக்ஸ்போர்டில் எட்வர்டு ஆபிரகாம், எர்ன்ஸ்ட் செயின் ஆகியோர் தேடினர். ஈ. கோலையை அரைத்துப் பெற்ற சாற்றைப் பென்சிலின் கரைசலுடன் சேர்த்தபோது பென்சிலினின் ஆற்றல் மறைந்தது. சாற்றைச் சூடாக்கினால் அப்பண்பு அழிந்தது. செலோபேன் சவ்வின் வழியே அது ஊடுருவவுமில்லை. இவை ஒரு நொதிக்குரிய இயல்புகள். அதற்குப் 'பென்சிலினேஸ்' என்று பெயரிட்டு 1940 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அவர்கள் அறிவித்தனர்.

இக்காலவரிசை நோக்கத்தக்கது. ஆக்ஸ்போர்டு குழு தூய்மைப்படுத்திய பென்சிலினைக் கொண்டு நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை தொடங்கியது 1941 பிப்ரவரியில்தான். ஆகவே மருந்து நோயாளியைச் சென்றடையும் முன்னரே அதை அழிக்கும் நொதி ஆய்வகத்தில் அறியப்பட்டுவிட்டது. இயற்கையில் இந்நொதிகள் மருத்துவப் பயன்பாட்டுக்கு மிக முற்பட்டவை என்னும் இன்றைய புரிதலுக்கு இந்நிகழ்வு தொடக்கக்காலச் சான்றாகிறது.

முதல் சோதனை முறையின் அமைப்பும் கருதத்தக்கது. நொதி நேரடியாகக் காணப்படவில்லை. பென்சிலின் எஞ்சியுள்ளதா இல்லையா என்பதை, பென்சிலினுக்கு மடியும் மற்றொரு நுண்ணுயிரியின் வளர்ச்சியே காட்டிக்கொடுத்தது. அந்நுண்ணுயிரியைச் 'சாட்சி நுண்ணுயிரி' என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. பின்னர் வந்த பல சோதனைகளின் கரு இதுவேயாகும்.

மருத்துவமனைக்குள் நுழைந்த நொதி

ஈ. கோலையில் நொதி இருந்தது அன்றைய மருத்துவர்களைக் கவலையுறச் செய்யவில்லை. அது பென்சிலினின் இலக்காகக் கருதப்படவில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் அவ்வாறானதன்று. 1944இல் வில்லியம் கிர்பி, பென்சிலினுக்கு இணங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகளிலிருந்து பென்சிலினைச் செயலிழக்கச் செய்யும் வலிமை மிக்க பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார். வில்லைகளைக் கொண்டு மருந்துணர்வை அளக்கும் கிர்பி-பாயர் முறையால் பிற்காலத்தில் அறியப்பட்டவரும் இவரே.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் மேற்கொண்ட ஆய்வுகள் இச்சிக்கலின் வேகத்தைக் காட்டின. அங்குப் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகளுள் பென்சிலினுக்கு இணங்காதவை 1946இல் ஏறத்தாழ 14 விழுக்காடாகவும், 1947இல் 38 விழுக்காடாகவும், 1948இல் 59 விழுக்காடாகவும் இருந்தன.

இப்பெருக்கம் எவ்வாறு நேர்ந்தது? குறைந்த அளவு மருந்தால் நுண்ணுயிரி படிப்படியாகப் பழகிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். முன்பே நொதியுடைய வகைகள் மருந்தால் தெரிவு செய்யப்பட்டு நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் பரவின என்பது மற்றொரு விளக்கம். இங்கு நொதியைக் கண்டறிதல் தீர்மானகரமான பங்கை ஆற்றியது. ஆய்வகத்தில் மருந்துக்குச் சிறிது சிறிதாகப் பழக்கப்பட்ட ஸ்டஃபிலோகாக்கஸ்கள் பென்சிலினேஸைச் சுரக்கவில்லை. மருத்துவமனையில் கிடைத்தவையோ சுரந்தன. எனவே இரண்டும் ஒரே நிகழ்வல்ல என்று பார்பர் வாதிட்டார். மருந்தளவைக் கூட்டுவதோடு சிக்கல் தீர்ந்துவிடாது; கைகள், படுக்கைகள், கருவிகள் வழியே நிகழும் தொற்றையும் தடுக்க வேண்டும் என்பது இம்முடிவின் நடைமுறைப் பொருள். 'எதனால்' என்னும் இரண்டாம் வினாவின் விடை மருத்துவமனை ஒழுங்கையே மாற்றக்கூடியதாக அமைந்ததை இங்குக் காணலாம்.

சாட்சியும் நிறமும்

நொதியைக் கண்டறியும் தேவை வளர்ந்தபோது இரு வழிகள் உருவாயின. முதல் வழி, சாட்சி நுண்ணுயிரியை ஒரே தட்டில் கொணர்வது. 1945இல் கோட்ஸ் வெளியிட்ட முறையில், பென்சிலின் கலந்த அகார் ஊடகத்தில் பென்சிலினுக்கு மடியும் நுண்ணுயிரி விதைக்கப்பட்டது. அதன்மேல் ஆய்வுக்குரிய நுண்ணுயிரி இடப்பட்டது. பென்சிலினேஸ் சுரக்குமாயின் அதைச் சூழ்ந்த பகுதியில் மருந்து அழியும். அங்கு மட்டும் சாட்சி நுண்ணுயிரி சிறு சிறு கூட்டங்களாக வளரும்.

இரண்டாம் வழி வேதியியல் சார்ந்தது. பென்சிலினின் வளையம் உடையும்போது பென்சிலோயிக் அமிலம் உண்டாகிறது. இதனால் இரு விளைவுகள் நேர்கின்றன. ஒன்று, கரைசலின் அமிலத்தன்மை கூடுகிறது. இதை நிறங்காட்டியால் அறியலாம். மற்றொன்று, பென்சிலோயிக் அமிலம் அயோடினை ஈர்த்துக்கொள்கிறது. முழுமையான பென்சிலின் அவ்வாறு செய்வதில்லை. 1954இல் பெரெட் வெளியிட்ட அயோடின் அளவீடு இவ்வியல்பைப் பயன்படுத்தியது. மாவுப்பொருளும் அயோடினும் சேர்ந்து தரும் நீலநிறம் மறைவது நொதியின் அடையாளமாயிற்று.

வேதி வழியின் உச்சம் 1972இல் வந்தது. கிளாக்சோ நிறுவனத்தில் சிந்தியா ஓ'காலகன் குழுவினர் புதியதொரு செபலோஸ்போரின் சேர்மத்தை அறிமுகப்படுத்தினர். பின்னர் நைட்ரோசெஃபின் எனப் பெயர்பெற்ற அச்சேர்மம் மஞ்சள் நிறமுடையது. பீட்டா லாக்டம் வளையம் உடைந்தவுடன் சிவப்பாகிறது. தாள் வில்லையில் ஊறவைத்த நைட்ரோசெஃபின்மீது நுண்ணுயிரியைத் தடவினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் விடை கிடைத்தது.

இவ்வேகம் அக்காலத்து அவசரத் தேவைக்கு உகந்ததாயிற்று. குழந்தைகளுக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சாவில் ஆம்பிசிலினை உடைக்கும் வகைகள் 1974இல் அறியப்பட்டன. நோய் தொடங்கிய குழந்தைக்கு எம்மருந்தைத் தருவது என்பதை மறுநாள் வரை தள்ளிவைக்க இயலாது. 1975இல் கேட்லின், அயோடின் முறையை ஹீமோஃபிலஸுக்கான விரைவுச் சோதனையாக அமைத்தார். 1976இல் பென்சிலினேஸ் சுரக்கும் கொனோரியா நுண்ணுயிரி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அறிவிக்கப்பட்டபோது விரைவுச் சோதனைகளின் தேவை மேலும் பெருகியது.

அச்சூழலில் பழைய சாட்சி முறையும் புத்துருப் பெற்றது. 1978இல் ஹாட்ஜ், சியாக், டிராமண்ட் ஆகியோர் கொனோரியா நுண்ணுயிரிக்கென ஓர் எளிய தட்டுச் சோதனையை வெளியிட்டனர். மருந்துக்கு மடியும் நுண்ணுயிரி தட்டு முழுவதும் பரப்பப்பட்டது. நடுவில் பென்சிலின் வில்லை வைக்கப்பட்டது. வில்லையிலிருந்து வெளிநோக்கி ஆய்வுக்குரிய நுண்ணுயிரி கோடாக இழுக்கப்பட்டது. நொதி இருப்பின் அக்கோட்டை ஒட்டிச் சாட்சி நுண்ணுயிரி வில்லையை நோக்கி உள்நுழைந்து வளர்ந்தது. வட்டமாக இருக்கவேண்டிய தடை வளையம் இவ்வாறு பல இடங்களில் உள்வாங்கியபோது மும்மடல் இலைபோல் தோன்றியது. இச்சோதனை கால் நூற்றாண்டுக்குப் பின் வேறொரு நொதிக்காக மீண்டும் அழைக்கப்பட்டது.

வேதிச் சோதனைகளுக்கும் எல்லை இருந்தது. சில ஸ்டஃபிலோகாக்கஸ்கள் மருந்தின் தூண்டல் இருந்தால்தான் போதிய நொதியைச் சுரக்கின்றன. தூண்டப்படாத நிலையில் நைட்ரோசெஃபின் நிறம் மாறாதிருக்கலாம். பென்சிலின் வில்லையைச் சுற்றிய தடை வளையத்தின் விளிம்பை நோக்கும் எளிய முறையே இங்குக் கூடுதல் நம்பகமானதாக அறியப்பட்டது. விளிம்பு செங்குத்துப் பாறைபோல் கூர்மையாக இருந்தால் நொதி உண்டு. கடற்கரை மணல்போல் மெல்ல மங்கினால் நொதி இல்லை. மேலும், எல்லா எதிர்ப்பும் நொதியால் வருவதன்று. பென்சிலினேஸுக்கு அசையாத மெத்திசிலின் பிரிட்டனில் 1960இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1961இலேயே அதற்கு இணங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் அங்கு அறிவிக்கப்பட்டது. அவ்வெதிர்ப்பு மருந்தைச் சிதைப்பதால் வந்ததன்று, மருந்தின் இலக்குப் புரதம் மாறியதால் வந்தது. 'நொதி இல்லை' என்னும் விடை 'மருந்து பயன்படும்' என்னும் விடையாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பெயர்களும் வகைப்பாடும்

1965இல் நவோமி டத்தா, கொன்டோமிகாலு ஆகியோர் ஏதென்ஸ் நகரில் நோயாளி ஒருவரிடம் கிடைத்த ஈ. கோலையின் பென்சிலினேஸை ஆராய்ந்து, அது இடம்பெயரும் மரபுக்கூறால் ஆளப்படுவதைக் காட்டினர். அந்நோயாளியின் பெயரெழுத்துகளிலிருந்து அந்நொதி 'டெம்' எனப்பட்டது. நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் வழியாக ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்குச் செல்லும் என்பது கண்டறிதலின் பொருளையே மாற்றியது. நுண்ணுயிரியின் பெயரை அறிவதால் மட்டும் அதன் நொதியை ஊகிக்க இயலாது போயிற்று.

ஒரே நுண்ணுயிரியில் பல நொதிகள் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. 1975இல் மார்கரெட் மேத்யூ குழுவினர், மின்புலத்தில் நொதிகளை அவற்றின் மின்னேற்ற இயல்புக்கேற்பப் பிரித்து, நைட்ரோசெஃபினால் அவற்றைச் சிவப்புப் பட்டைகளாகக் காட்டினர். 1980இல் ஆம்ப்ளர், அமினோ அமில வரிசையின் அடிப்படையில் வகைப்பாட்டைத் தொடங்கிவைத்தார். இன்று ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள் வழங்குகின்றன. இவற்றுள் பி வகுப்பு மட்டும் துத்தநாக அயனியின் துணையால் இயங்குவது. ஏனையவை செரின் என்னும் அமினோ அமிலத்தால் இயங்குபவை. துத்தநாகத்தைச் சார்ந்த இவ்வேறுபாடு பிற்காலச் சோதனைகளுக்கு அடித்தளமாயிற்று.

தடுப்பான் வழியே கண்டறிதல்

1970களில் பீச்சம் நிறுவனத்தார் ஸ்டிரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரி ஒன்றிலிருந்து கிளவுலானிக் அமிலத்தைப் பெற்றனர். தன்னளவில் வலுவற்ற மருந்தாயினும் அது பல பீட்டா லாக்டமேஸ்களைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்தது. அமாக்சிசிலினுடன் சேர்த்து 1981இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இச்சேர்மம், மருந்தாக மட்டுமின்றிக் கண்டறியும் கருவியாகவும் பயன்பட்டது.

1980களின் தொடக்கத்தில் செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை செபலோஸ்போரின்கள் பழைய டெம், எஸ்.எச்.வி. நொதிகளுக்கு அசையாதவையாக வந்தன. 1983இல் ஜெர்மனியில் க்னோதே குழுவினர் இம்மருந்துகளுக்கும் இணங்காத, அவ்வெதிர்ப்பைப் பிறவற்றுக்கு வழங்கவல்ல கிளெப்சியெல்லா வகைகளை அறிவித்தனர். எஸ்.எச்.வி.-2 எனப்பட்ட அந்நொதி பழைய நொதியிலிருந்து ஓர் அமினோ அமிலத்தால் மட்டுமே வேறுபட்டது. இவ்வாறு பரந்த செயலாற்றல் பெற்ற நொதிகள் 'ஈ.எஸ்.பி.எல்.' என்னும் பெயரால் வழங்கலாயின.

இந்நொதிகள் ஆய்வகத்துக்குப் புதிய இடரைத் தந்தன. வழக்கமான மருந்துணர்வுச் சோதனையில் இவற்றைச் சுரக்கும் நுண்ணுயிரி சில வேளைகளில் 'இணங்குவது' என்றே தோன்றியது. நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை மிகுந்த நோயிடத்திலோ மருந்து தோற்றது. இவ்வாறு இணங்குவதாக அறிக்கை பெற்ற தொற்றுகளில் செபலோஸ்போரின் சிகிச்சை அடிக்கடித் தோல்வியுற்றதைப் பேட்டர்சன் குழுவினர் 2001இல் ஆவணப்படுத்தினர். முதல் வினாவின் விடை பிழையாகும்போது இரண்டாம் வினாவே நோயாளியைக் காக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

1988இல் பாரிஸில் ஜார்லியே குழுவினர் வெளியிட்ட இரட்டை வில்லை முறை இவ்விடரைத் தீர்க்க முயன்றது. கிளவுலானிக் அமிலம் உள்ள வில்லை நடுவிலும், செபலோஸ்போரின் வில்லைகள் அதிலிருந்து 30 மி.மீ. தொலைவிலும் வைக்கப்பட்டன. நொதி இருப்பின், தடுப்பான் பரவிய பக்கத்தில் மட்டும் செபலோஸ்போரினின் தடை வளையம் நீண்டு, பாட்டில் தக்கையின் வடிவில் புடைத்தது. பின்னர் வந்த இணைவில்லை முறையில், தடுப்பானுடன் கூடிய வில்லையின் வளையம் தனி வில்லையினதை விட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருத்தல் அளவுகோலாயிற்று. விலைமிக்க கருவி எதுவும் இன்றி எந்த மருத்துவமனை ஆய்வகமும் செய்யத்தக்கவை இவை.

இங்கும் இடவேறுபாடு குறுக்கிட்டது. டெம், எஸ்.எச்.வி. சார்ந்த நொதிகள் மிகுந்திருந்த நாடுகளில் செஃப்டாசிடிம் என்னும் மருந்தே பல ஆய்வகங்களுக்குச் சிறந்த சுட்டியாக இருந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய சி.டி.எக்ஸ்.-எம். நொதிகளுள் பல செஃபோடாக்சிமை வலுவாகவும் செஃப்டாசிடிமை மெலிதாகவும் உடைப்பவை. இவற்றுள் பின்னாளில் முதன்மை பெற்ற சி.டி.எக்ஸ்.-எம்.-15, புதுதில்லியில் கிடைத்த நுண்ணுயிரிகளிலிருந்து 2001இல் அறிவிக்கப்பட்டது. செஃப்டாசிடிம் ஒன்றையே நம்பிய ஆய்வகம் இக்குடும்பத்து நொதிகளைத் தவறவிடும் வாய்ப்பு இருந்தது. இரு மருந்துகளையும் சேர்த்தே சோதிக்க வேண்டும் என்னும் விதி இப்பட்டறிவின் பயனாகும்.

கார்பபெனெமேஸ்களும் ஹாட்ஜ் சோதனையின் மறுபிறப்பும்

ஈ.எஸ்.பி.எல். நுண்ணுயிரிகளுக்கு எதிரான நம்பகமான மருந்துகளாகக் கார்பபெனெம்கள் நின்றன. அவற்றையும் உடைக்கும் நொதிகள் அடுத்தடுத்து வந்தன. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1996இல் கிடைத்த கிளெப்சியெல்லாவிலிருந்து கே.பி.சி. நொதி 2001இல் அறிவிக்கப்பட்டது. இஸ்தான்புல் நகரில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து ஆக்ஸா-48 நொதி 2004இல் அறிவிக்கப்பட்டது. முன்னது ஏ வகுப்பு. பின்னது டி வகுப்பு.

2001இல் கொரிய ஆய்வாளர்கள் 1978ஆம் ஆண்டின் ஹாட்ஜ் சோதனையில் பென்சிலினுக்கு மாற்றாகக் கார்பபெனெமையும், சாட்சியாகக் கார்பபெனெமுக்கு மடியும் ஈ. கோலையையும் அமைத்தனர். துத்தநாகத்தைக் கவர்ந்துகொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்மத்தைக் கொண்டு பி வகுப்பு நொதிகளை இனங்காணும் இரட்டை வில்லை முறையையும் அவர்கள் மதிப்பிட்டனர். ஹாட்ஜ் சோதனையை அமெரிக்காவின் மருத்துவ ஆய்வகத் தரநிலை நிறுவனம் 2009இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. அந்நாட்டில் பரவிக்கொண்டிருந்த கே.பி.சி. நொதியை அச்சோதனை நன்கு காட்டியது.

அதே காலத்தில் வேறொரு நொதி வெளிப்பட்டது. புதுதில்லியில் மருத்துவம் பெற்று ஸ்வீடன் திரும்பிய நோயாளி ஒருவரிடம் கிடைத்த கிளெப்சியெல்லாவில் புதிய பி வகுப்பு நொதி இருப்பது 2009 டிசம்பரில் வெளியிடப்பட்டது. நகரின் பெயரால் அது என்.டி.எம்.-1 எனப்பட்டது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக, டிமோத்தி வால்ஷ் உள்ளிட்ட பன்னாட்டு ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கட்டுரை, இந்நொதியுடைய நுண்ணுயிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 எனக் கண்டறிந்தது. அதே ஆண்டில் மும்பை மருத்துவமனை ஒன்றிலிருந்து வெளியான ஆய்வு, கார்பபெனெமுக்கு இணங்காத 24 நுண்ணுயிரிகளுள் 22இல் இந்நொதி இருந்ததைக் காட்டியது.

நகரின் பெயரை நொதிக்குச் சூட்டியதற்கு இந்தியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மருத்துவச் சுற்றுலாவைக் குறிவைத்த அவதூறு என்றும் பேசப்பட்டது. நொதிகளுக்கு ஊர்ப்பெயர் சூட்டும் வழக்கம் முன்பே உண்டு. வெரோனா நகரின் பெயரால் வழங்கும் வி.ஐ.எம். நொதியும் பி வகுப்பைச் சேர்ந்ததே. புதுதில்லியில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 50 குடிநீர் மாதிரிகளுள் 2இலும், தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் இந்நொதிக்கான மரபணு அறியப்பட்டது. பெயர் பற்றிய சச்சரவு தணிந்த பின், 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' எதிருயிரிப் பயன்பாட்டு ஒழுங்குக்கான கோரிக்கைகளை முன்வைத்தது.

பெயரைச் சுற்றிய ஆரவாரத்தில் ஆய்வகம் சார்ந்த ஓர் உண்மை போதிய கவனம் பெறவில்லை. கே.பி.சி. நொதியை நன்கு காட்டிய மாற்றியமைக்கப்பட்ட ஹாட்ஜ் சோதனை, என்.டி.எம். நொதியைப் பலமுறை தவறவிட்டது. ஊடகத்தில் துத்தநாகம் சேர்த்தபோது நிலை ஓரளவு மேம்பட்டது. மறுபுறம், ஏ.எம்.பி.-சி. நொதி மிகையாகச் சுரந்து, மருந்து நுழையும் புரைப்புரதங்களையும் இழந்த நுண்ணுயிரிகளில் கார்பபெனெமேஸ் இல்லாதபோதும் அச்சோதனை 'உண்டு' என்றது. எளிமையும் மலிவும் கருதி அச்சோதனையை ஏற்ற இந்திய ஆய்வகங்களுக்கு இது சிறு குறையன்று. அவை முதன்மையாகத் தேடவேண்டிய நொதியே தப்பிச் சென்றது. இறுதியாக 2018இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் அச்சோதனையைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது.

கண்டறிதல் தேவையா என்னும் விவாதம்

2010இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் செபலோஸ்போரின், கார்பபெனெம் மருந்துகளுக்கான மருந்துணர்வு எல்லைகளைத் தாழ்த்தியது. எல்லை கடுமையானதால் நொதியுடைய நுண்ணுயிரிகளுள் பெரும்பாலானவை 'இணங்காதவை' என்றே அறிக்கையில் வரும். எனவே சிகிச்சைக்காக நொதியைத் தனியே தேடவேண்டியதில்லை, தொற்றுத் தடுப்புக்கும் பரவல் ஆய்வுக்கும் மட்டும் தேடினால் போதும் என்பது அதன் நிலைப்பாடு. டேவிட் லிவர்மோர் உள்ளிட்டோர் 2012இல் இதனை மறுத்தனர். மருந்துணர்வு அளவீட்டில் நேரும் சிறு வேறுபாடும் எல்லைக்கு அருகிலுள்ள நுண்ணுயிரியின் வகையை மாற்றிவிடும் என்பதும், நொதியைத் தேடாத ஆய்வகத்தில் பரவல் பற்றிய அறிவும் நாளடைவில் மங்கும் என்பதும் மறுப்பின் சாரம்.

இவ்விவாதத்தின் போக்கைப் புதிய மருந்துகள் மாற்றின. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் கூட்டுமருந்து 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கே.பி.சி., ஆக்ஸா-48 ஆகிய செரின் நொதிகளை அவிபாக்டம் தடுக்கிறது. துத்தநாகத்தால் இயங்கும் என்.டி.எம். நொதியைத் தடுப்பதில்லை. ஆகவே நோயாளியின் நுண்ணுயிரியில் எந்த நொதி உள்ளது என்பது மருந்துத் தெரிவோடு நேரடியாகப் பிணைந்தது. 'கார்பபெனெமுக்கு இணங்காதது' என்னும் ஒற்றை வரி அறிக்கை மருத்துவருக்குப் போதாததாயிற்று. பரவல் ஆய்வாளருக்கு மட்டும் உரியதெனக் கருதப்பட்ட வினா மீண்டும் நோயாளியின் படுக்கையருகே வந்தது.

பழைய கொள்கைகளின் மீள்வரவு

ஹாட்ஜ் சோதனையின் இடத்தை நிரப்பிய முறைகளை நோக்கினால் கட்டுரையின் கருத்து வலுப்பெறுகிறது. 2012இல் நார்ட்மன், பொய்ரெல், டார்ட்டே ஆகியோர் வெளியிட்ட 'கார்பா என்.பி.' சோதனையில் இமிபெனெமின் வளையம் உடைந்து அமிலத்தன்மை கூடுகிறது. ஃபீனால் சிவப்பு என்னும் நிறங்காட்டி மஞ்சளாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் விடை தரும் இம்முறையின் அடிப்படை, பென்சிலினேஸ் காலத்து அமில அளவீடேயாகும். கரைசலில் துத்தநாகம் சேர்க்கப்படுவதால் என்.டி.எம். நொதியையும் காட்டுகிறது, ஆயினும் மெலிவாகச் செயல்படும் ஆக்ஸா-48 நொதியைச் சில வேளை தவறவிடுகிறது.

2015இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கார்பபெனெம் செயலிழப்பு முறை இன்னும் எளியது. மெரோபெனெம் வில்லை ஆய்வுக்குரிய நுண்ணுயிரிக் கலவையில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் அவ்வில்லை, மருந்துக்கு மடியும் ஈ. கோலை பரப்பிய தட்டில் வைக்கப்படுகிறது. வில்லையைச் சுற்றித் தடை வளையம் தோன்றாவிடில் மருந்து உடைக்கப்பட்டுவிட்டது என்பது தெளிவு. 2017இல் இதன் திருத்தவடிவம் தரநிலை வழிகாட்டுதலில் இடம்பெற்றது. இ.டி.டி.ஏ. சேர்த்த இணைச்சோதனை துத்தநாக நொதிகளைப் பிரித்துக் காட்டுகிறது. ஆபிரகாமும் செயினும் சாற்றோடு பென்சிலினைச் சேர்த்து, எஞ்சிய ஆற்றலைச் சாட்சி நுண்ணுயிரியால் அளந்த அதே தர்க்கம் இங்கு வில்லை வடிவில் மீண்டுள்ளது.

மரபணுப் பெருக்கச் சோதனைகளும், நோயெதிர்ப்புப் புரதம் பூசிய விரைவுப் பட்டைகளும் இன்று நொதியின் குடும்பத்தையே குறுகிய நேரத்தில் பெயரிட்டுச் சொல்கின்றன. எனினும் அவை தேடுமாறு பணிக்கப்பட்டவற்றை மட்டுமே தேடுகின்றன. பட்டியலில் இல்லாத நொதி அவற்றின் பார்வைக்குப் புலப்படாது. செயலைக் காட்டும் சோதனைகளுக்கும் மறுவகைக் குறை உண்டு. அவிபாக்டமுக்கு இணங்காதவாறு மாறிய சில கே.பி.சி. வடிவங்கள் 2017 முதல் அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல கார்பபெனெமை உடைக்கும் ஆற்றலை இழந்தவை. ஆகவே கார்பபெனெம் உடைவதை அளக்கும் சோதனையில் அவை 'இல்லை' என்றே வரக்கூடும். இவற்றை மரபணுச் சோதனை காட்டலாம். ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் இணைநிலையே இன்றைய நிலை.

முடிவுரை

பென்சிலினேஸ் முதல் என்.டி.எம். வரையிலான கண்டறிதல் வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. சாட்சி நுண்ணுயிரி, வேதி அடையாளம், நொதித் தடுப்பான் ஆகிய கொள்கைகள் 1940க்கும் 1980களுக்கும் இடையே உருப்பெற்றவை. மரபணுச் சோதனைகள் நீங்கலாகப் பின்வந்த சோதனைகளுள் பெரும்பாலானவை இவற்றின் மறுவடிவங்களே. ஒவ்வொரு புதிய மருந்தும் சோதனை எதைக் காண வேண்டும் என்பதை மாற்றியமைத்தது. ஆதலால் சோதனையின் வரலாறு மருந்தின் வரலாற்றிலிருந்து பிரித்தற்கரியது. எந்த நொதி என்னும் வினா தேவையற்றதெனக் கருதப்பட்ட காலங்களிலும் அது முற்றிலும் மறையவில்லை. மருத்துவமனைத் தொற்றின் வடிவிலும், பிழையான மருந்துணர்வு அறிக்கையின் வடிவிலும், புதிய மருந்தின் தெரிவிலும் அது திரும்ப வந்தது.

இவற்றினும் முதன்மையானது இடம் பற்றிய முடிவு. சோதனையின் நம்பகத்தன்மை என்பது அதனுள்ளேயே நிலையாக உறைந்திருக்கும் பண்பன்று. எந்த நொதிகள் சுற்றிலும் உள்ளன என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். ஹாட்ஜ் சோதனை வட கரோலினாவின் நொதிக்குக் கண்ணாகவும் சென்னையின் நொதிக்குப் பல வேளைகளில் மறைப்பாகவும் இருந்தது. பிறநாட்டு வழிகாட்டுதலில் இடம்பெற்றது என்னும் காரணத்தால் மட்டும் ஒரு சோதனையை ஏற்பதும், நீக்கப்பட்டது என்னும் காரணத்தால் மட்டும் கைவிடுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். தம் வட்டாரத்தில் வழங்கும் நொதிகளைக் கொண்டு தாம் பயன்படுத்தும் சோதனையை அவ்வப்போது சரிபார்த்தல் ஆய்வகங்களின் கடமையாகிறது. அதற்கான அகார், வில்லை, சாட்சி நுண்ணுயிரி ஆகியவை மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களுக்கும் எட்டக்கூடியவையே. சரிபார்ப்பதற்கான பயிற்சியும் அதைப் பதிவுசெய்யும் ஒழுங்கும் அவ்வாய்வகங்களைச் சென்றடைவதே அடுத்த கட்டத் தேவையாகும்.